வழியனுப்பு விலை

காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், இருபத்திரண்டு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜில் நான் பதினாறு வருஷம் மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லாவில் உட்கார வேண்டும், சாவி கொடுக்க வேண்டும், வெளியூர்க் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும், எந்த ஆளுக்கு எந்த அறை, என்ன வாடகை என்று முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு இன்னும் போகவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு வாடகைப் பலகை தொங்கியது. ஒற்றை அறை பத்து ரூபாய், இரட்டை அறை பதினாறு. அது யாராவது அதிகாரி வந்தால் பார்ப்பதற்கு. மெய்யான வாடகை என் மண்டைக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருநள்ளாற்றுக் கூட்டம் இறங்க ஆரம்பித்தால் பத்து ரூபாய் பதினைந்தாகும். சனிக்கிழமை குளித்துக் கும்பிட்டுவிட்டு அவர்கள் கிளம்பியதும் மறுபடி பத்தாகும். மாங்கனித் திருவிழாவுக்கு இருபது. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எல்லை தாண்டிக் குடிக்க வருகிறவனுக்குப் போதை ஏறுவதற்கு முன்னால் ஒரு விலை, ஏறிய பிறகு ஒரு விலை. மருந்துக் கம்பெனி ஆட்களுக்கு எட்டே ரூபாய், மாதாமாதம் வருகிறவர்கள் ஆயிற்றே. ஆள் படியேறும்போதே செருப்பைப் பார்ப்பேன், பெட்டியைப் பார்ப்பேன், கூட யார் வருகிறார்கள் என்று பார்ப்பேன். அவர் வாயைத் திறப்பதற்குள் விலை தயாராகிவிடும்.

முதலாளி அரிசி மண்டிக்காரர். லாட்ஜை அவர் மூட்டை அடுக்கும் இடமாகத்தான் நினைத்தார். அரிசிக்குப் பதில் ஆட்கள், அவ்வளவுதான். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கல்லாவில் ‘இல்லை’ என்ற சொல் விழக் கூடாது.

“வேணாத ஆளா? வெலயச் சொல்லுய்யா. ரூம் இல்லேன்னு மட்டும் சொல்லிடாத. அந்த வார்த்தையக் கேட்டா வர்ற லட்சுமியும் வாசலோட திரும்பிடுவா” என்பார்.

எங்கள் கடைத்தெருவுக்கு இது புதிதல்ல. விளக்கு வைத்த பிறகு போய் உப்பு கேட்டால், தீர்ந்துவிட்டது என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். நாளைக்கு நிறைய வருது என்பார். நாங்கள் அதையே வாடகையில் செய்தோம். கழுத்தில் தாலி இல்லாத பெண்ணோடு வருகிறவன், போன தடவை வாஷ்பேசினை உடைத்தவன், தோல் வியாதியோடு வருகிற யாத்ரிகர் எல்லோரையும் முகம் கோணாமல் வாங்க என்று வரவேற்று, பத்து ரூபாய் அறைக்கு நாற்பது ரூபாய் என்பேன். கேட்டவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். கோபித்துக்கொள்ள மாட்டார். “ஒரு ஜோலி இருக்குதுங்க, முடிச்சிட்டு வர்றேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிடுவார். அவர் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இதற்கு நாங்கள் வழியனுப்பு விலை என்று பெயர் வைத்திருந்தோம். கடிதம் போட்டு அறை கேட்கிறவர்களுக்கும் இதே முறைதான்.

பிரான்சிலிருந்து வருகிற கடிதங்களுக்காகத்தான் என்னை வேலைக்கே வைத்தார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போன பிறகு, அந்தக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் போட்டார். என் அப்பா போடவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் மர்செய்ல் பட்டணத்தில் தபாலாபீசிலும் ரயில்வேயிலும் போய் உட்கார்ந்தார்கள். நான் கோவில்பத்திலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வந்து, அவர்கள் ஆகஸ்டு விடுமுறைக்கு வரும்போது கேட்கிற வெந்நீருக்கு விலை எழுதிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வண்டி வண்டியாக இருந்தது.

விலைக் கடிதம் எழுதுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். எடுத்த எடுப்பில் தொகையை எழுதினால் பயந்துவிடுவார்கள். முதலில் நலம் விசாரிக்க வேண்டும். பிறகு தண்ணீர், காற்று, ஜன்னல். அதற்குப் பிறகு, மூச்சு விடாமல் ஒரு வரியில் வாடகை. கடைசியில் மறுபடியும் தண்ணீர். என் பிரெஞ்சுக் கடிதங்களைப் படித்துவிட்டு, இப்படி எழுதுகிற ஆள் இன்னும் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டு முன்பணமும் அனுப்பினார்கள்.

எழுபதுகளின் பின்பாதியில் லாட்ஜில் ஒரு சாவு விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நன்னிலத்துக்காரர் ஒருவர் கட்டிலிலேயே போய்விட்டார். போலீஸ், விசாரணை, உறவுக்காரர்களின் சண்டை. அந்த அறையை இரண்டு மாதம் பூட்டி வைத்தோம். புண்ணியாகவாசனம் செய்தும் ஊருக்குள் பேச்சு அடங்கவில்லை. தனியாக வருகிற கிழடுகளுக்கு இனிமேல் வழியனுப்பு விலைதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய கடிதம் வந்தது. நீல நிற ஏரோகிராம். பிரெஞ்சு, பழைய பள்ளிக்கூடக் கையெழுத்து. காரைக்காலில் பிறந்தவராம். இருபது வயதில் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர், பிறகு அங்கேயே தங்கிவிட்டாராம். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஊரில் இருந்த அண்ணன் வீடு விற்றுப் போய்விட்டது. எழுபத்திரண்டு வயதாகிறது, நெஞ்சில் சளி, டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. கடைசிக் காலத்தை ஊரில் கழிக்க விரும்புகிறேன், மாத வாடகைக்கு ஓர் அறை என்ன விலை என்று தயவுசெய்து எழுதவும் என்று கேட்டிருந்தார்.

மாத வாடகைக்கு அப்போது எங்கள் விலை இருநூற்று ஐம்பது. நான் ஆயிரத்து இருநூறு என்று எழுதினேன். சாகப் போகிறேன் என்று எழுதியே அறை கேட்கிற ஆளுக்கு அது போதாது என்றுகூட முதலாளி சொன்னார். காரைக்காலில் பிறந்தவருக்கு அது போதும் என்றேன். ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அந்தத் தொகையைப் பார்த்ததும் சிரித்துவிட்டு வேறு வழி பார்ப்பார்.

அவர் சிரிக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து மே மாத வெயிலில், கம்பளிக் குல்லாயோடு, என் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லா முன்னால் வந்து நின்றார். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக வெளியே இருந்ததில் ஊர் வழக்கம் அவருக்கு மறந்து போயிருந்தது. விலை என்று எழுதினால் அது விலை என்று நம்பிவிட்டார்.

“மிசியே, லெட்டர் எழுதினது நீங்கதானா? எம்புட்டு அழகா எழுதியிருக்கீங்க” என்றார். இருமல் வந்து பேச்சு நின்றது. பிறகு, “ஊரு பெருசாயிடுச்சு போல. வாடகையப் பார்த்ததும் நெனச்சேன். கையில இருக்கிறது பத்து வருஷத்துக்குக் காணும்னு கணக்குப் போட்டிருந்தேன். ஒங்க லெட்டர் வந்ததும் ஒரு வருஷம்னு மாத்திக்கிட்டேன். பரவால்ல. டாக்டரு அதுக்குமேல சொல்லல” என்று சிரித்தார்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “என்னய்யா இது, வழியனுப்பு வெலைக்கு ஆளே வந்து நிக்கிது?” என்றார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். தாடையைத் தடவிக்கொண்டே, “ஆயிரத்து இருநூறு. செத்தா எத்தன நாளு பூட்டி வச்சாலும் கட்டுப்படியாவும். பின்படிக்கட்டுப் பக்கமா குடு. எறக்குறப்ப யார் கண்ணுலயும் படக் கூடாது” என்றார்.

நான் அப்படியே செய்தேன். பின்படிக்கட்டை ஒட்டிய அறை, ஜன்னலைத் திறந்தால் அரசலாறு. கட்டில் வாசலுக்கு நேராக இருக்கும்படி போடச் சொன்னேன். காற்று வரும் என்று அவரிடம் சொன்னேன். தூக்குவதற்கு வசதி என்பதுதான் காரணம்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு தடித்த கவரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “இது என் காரியத்துக்கு. நான் போயிட்டா இதுலேருந்து எடுத்துக்குங்க. ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாது” என்றார். வாங்கி லாட்ஜின் இரும்புப் பெட்டியில் வைத்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐயா, அந்த விலை வேறு விஷயத்துக்காக எழுதியது, இருநூற்று ஐம்பது கொடுங்கள் போதும் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. முதலாளி மாதம் ஐம்பது ரூபாய் கூட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஐம்பதுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றால் அதுவும் பொய். கையெழுத்துப் போட்டவர்கள் கொஞ்சம் கொடுக்கட்டுமே என்று இருந்தது. அவர் கப்பலில் வெங்காயம் நறுக்கியவர் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்தவர் என்பது போதுமானதாக இருந்தது.

அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் வாடகைப் பலகையைக் கழற்றி, வர்ணம் அடிக்க அனுப்பினேன். அது பெயின்டர் கடையிலேயே கிடந்தது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர் சாகவில்லை. அரசலாற்றங்கரையோடு தினமும் காலையில் முகத்துவாரம் வரை நடந்தார். முதல் மாதம் பாதி தூரம் போய்த் திரும்பியவர், மூன்றாவது மாதத்தில் கடலில் காலை நனைத்துவிட்டு வர ஆரம்பித்தார். கம்பளிக் குல்லாய் போனது. இருமல் போனது. கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்தது. “காத்து ஒத்துக்கிச்சு தம்பி” என்று என்னிடம் ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி சொன்னார். அதற்குள் மிசியே போய் தம்பி ஆகியிருந்தேன்.

ஆறாவது மாதத்திலிருந்து கணக்கு உதைத்தது. அவருக்கு அங்கே கிடைத்தது வயதானவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகை மட்டும்தான். அந்த நாட்டில் இருந்தால்தான் அதையும் தருவார்களாம். ஊரில் இத்தனை பேருக்கு மாதம் பிறந்தால் பிரெஞ்சுப் பென்ஷன் வந்தபோது, இவர் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினார். எங்கள் அறைகளைப் பெருக்கிய அம்மாள் கிளிஞ்சல்மேட்டுக்காரி. அவள்தான் வந்து என்னிடம் சொன்னாள்.

“அந்தப் பெரியவரு பன்னைத் தண்ணில தொட்டுத் தின்னுட்டுப் படுத்துக்கிறாரு. நீங்க வாடகைய கொறச்சா என்னாங்க? இவருக்கு மட்டும் ஏன் இம்புட்டு?”

“ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ” என்றேன்.

அவள் போகவில்லை. மறுநாளிலிருந்து தன் வீட்டிலிருந்து ஒரு தூக்கில் மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தாள். நாலு நாள் பார்த்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் வாடகைப் பேச்சு வராமலா போகும்? வெளிச் சாப்பாடு அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, விதி இருக்கிறது என்று தூக்கை வாங்கிக் கல்லாவில் வைத்தேன். அந்த விதி அன்றைக்குக் காலையில்தான் பிறந்தது. மீறினால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்குமேல் அவளால் என்ன செய்ய முடியும்?

ஒருநாள் அவர் கல்லாப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் அறையைக் காலி செய்தார். இரண்டு நாளுக்குப் பதினாறு ரூபாய் என்று சொல்லிப் பணத்தை வைத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார். பெரியவர் பேப்பரை இறக்கினார்.

“தம்பி, அவருக்கு எட்டு ரூவாயா ஒரு நாளைக்கு?”

என் வாய் தன் வேலையைச் செய்தது. “அவங்க கம்பெனி வருஷக் குத்தகை எடுத்திருக்குதுங்க. மொத்தமா முன்னாடியே கட்டிடுவாங்க. இது மேற்செலவுக்கு” என்றேன்.

“அதானே பார்த்தேன்” என்று மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக நம்பினார். சந்தேகப்பட்டு இரண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தால்கூட நான் உடைந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் நம்பியது எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு வெள்ளந்தியாக இருக்கிறவன் ஏமாறட்டும் என்றுகூட நினைத்தேன். ஏமாற்றுகிறவனுக்கு ஏமாறுகிறவன் மேல் வருகிற கோபத்துக்கு அளவே கிடையாது.

வெளியே வீடு பார்க்காமல் இல்லை. பார்த்தார். குடும்பஸ்தர்களுக்குத்தான் கொடுப்போம் என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். நாளைக்கே செத்துவிட்டால் யார் பார்ப்பது என்று ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டார்களாம். மற்ற லாட்ஜுகளில் குடிகாரக் கூட்டம், அங்கே அவர் எட்டியும் பார்க்கவில்லை.

பத்தாவது மாதம் ஒரு காலை கல்லாவுக்கு வந்தார். முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் என்னைப் பார்க்காமல் மேஜையில் இருந்த சாவிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி, இதவிடச் சின்ன ரூமு இருக்குமா? ஜன்னல் இல்லேன்னாலும் பரவால்ல.”

மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை ஒன்று இருந்தது. ஒரு கட்டில் போட்டால் நிற்க இடம் இருக்காது. மாதம் நூற்று ஐம்பதுக்கு ஆள் கிடைக்காமல் கிடந்தது. அந்தத் தொகையைச் சொன்னால் பத்து மாதக் கதையும் ஒரே நொடியில் வெளிச்சமாகிவிடும். இல்லை என்று சொல்லலாம் என்றால், முதலாளி உட்கார்ந்திருக்கிறார், அந்தச் சொல் கூடாது.

“இருக்குதுங்க. ஆயிரத்து நூறு” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நூறு ரூபாய்க்காக ஜன்னலை விட வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, “சரி, இருக்கட்டும்” என்றார். பிறகு, “அந்தக் கவரைக் குடுங்க தம்பி” என்று கேட்டார். காரியத்துக்கு என்று கொடுத்து வைத்திருந்த கவர். எடுத்துக் கொடுத்தேன்.

“அங்க ஒரு முனிசிபாலிட்டி விடுதி இருக்கு. வயசானவங்களுக்கு. காசு வேணாம். இந்தக் கவரோட என் மோதிரத்தையும் வித்துப் போட்டா பிளேனு டிக்கெட் வந்துடும்” என்றார். கவரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சாவுறதுக்கு வந்தேன், ஒடம்பு தேறிப்போச்சு. தப்புக் கணக்கு” என்றார். முதலாளி இந்தப் பேச்சுக்கு வாய்விட்டுச் சிரித்தார். பெரியவரும் சிரித்தார்.

பதினோராவது மாத வாடகையைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த மரியாதையை மட்டும் நான் விடவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “பதினோரு மாசத்துல ஒரு தடவகூட வாடகைய ஏத்தல நீங்க. அத மறக்க மாட்டேன்” என்றார். அவர் கை சில்லென்று இருந்தது. நான் சைக்கிளில் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் இறங்கியது.

ஐந்து வருஷம் போயிற்று. தமிழ்நாட்டில் மதுவிலக்கு எடுத்த பிறகு எல்லை தாண்டி வரும் கூட்டம் குறைந்துவிட்டது. வாரநாட்களில் பாதி லாட்ஜ் காலி. மாத வாடகை நானூற்று ஐம்பது ஆகியிருந்தது, அதற்கும் ஆளைத் தேட வேண்டியிருந்தது. முதலாளிக்குச் சர்க்கரை வியாதி வந்து, ஒரு கால் விரலை எடுத்தார்கள். சாவைப் பற்றிய பயம் அவருக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. தனியாக வரும் வயதானவர்களைக் கண்டால் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்போது மறுபடியும் நீல ஏரோகிராம் வந்தது. கையெழுத்து நடுங்கியிருந்தது, ஆனால் அதே எழுத்து.

விடுதியில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் பேச ஆளில்லை என்று எழுதியிருந்தார். இருமல் திரும்பி வந்துவிட்டதாம். மாதாமாதம் கைச்செலவுக்குத் தருவதை ஐந்து வருஷமாகச் செலவு செய்யாமல் சேர்த்ததில், நம் பணத்துக்கு எட்டாயிரத்து நானூறு ரூபாய் இருக்கிறது. பயணச் செலவுக்கு விடுதியில் இருக்கிறவர்கள் தங்களுக்குள் வசூல் செய்து தருகிறார்கள். ‘பழைய வாடகையே என்றால் ஏழு மாதம் இருக்கலாம். டாக்டர் சொல்கிற கணக்கும் ஏறக்குறைய அதுதான். இந்த முறை கணக்குத் தவறாது என்று நினைக்கிறேன். எனக்குச் சாப்பாடு அதிகம் வேண்டாம். உங்கள் விலையைத் தெரிவிக்கவும்.’

முதலாளியிடம் படித்துக் காட்டினேன், அந்த ஏழு மாதக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அந்த ஆளா? பாவம்யா. நாம பண்ணுனது கொஞ்சம் ஜாஸ்திதான். வரட்டும், ரூமு சும்மாத்தானே கெடக்கு. நானூத்தம்பதுன்னு எழுது. ஒண்ணுமே குடுக்கலேன்னாலும் இருந்துட்டுப் போவட்டும்” என்றார்.

ஆகவே இதற்குமேல் நான் முதலாளியின் தலையில் பழியைப் போட முடியாது.

நானூற்று ஐம்பது என்று எழுதி மூன்று கடிதங்களைக் கிழித்தேன். ஐந்து வருஷத்தில் எல்லா விலையும் ஏறியிருக்கிறது. அந்த அறையின் வாடகை மட்டும் ஆயிரத்து இருநூறிலிருந்து நானூற்று ஐம்பதாக இறங்கினால் அவருக்கு என்ன புரியும்? தண்ணீரில் தொட்ட பன் புரியும். தூக்கில் வந்த மீன் குழம்பு ஏன் நின்றது என்று புரியும். ஜன்னல் இல்லாத அறைக்கு ஆயிரத்து நூறு சொன்ன முகம் ஞாபகம் வரும். உண்மை விலையை எழுதுவது ஒப்புதல் வாக்குமூலம் எழுதுவது. எழுதிவிட்டு, அவர் வந்து இறங்கும்போது நான் அதே கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும். பழைய விலையையே எழுதிவிடலாம் என்றால், முதலாளி அவரிடம் நானூற்று ஐம்பது என்று வாய் தவறாமலே சொல்லிவிடுவார். எப்படிப் பார்த்தாலும் அவர் வந்தால் நான் மாட்டிக்கொள்வேன். அவர் வராமல் இருந்தால் மட்டும்தான் அவர் மனதில் நான் நல்லவனாக இருக்க முடியும்.

நாலாவது கடிதத்தில் முதலில் நலம் விசாரித்தேன். ஆற்றுக்காற்றைப் பற்றி எழுதினேன். ஜன்னலுக்குப் புதிதாகக் கம்பி போட்டதை எழுதினேன். பிறகு மூச்சு விடாமல் ஒரே வரியில், விலைவாசி உயர்வை உத்தேசித்து மாத வாடகை இரண்டாயிரத்து நானூறு ரூபாய் என்று எழுதினேன். கடைசியில் மறுபடி காற்று. என் வாழ்நாளில் எழுதிய பிரெஞ்சுக் கடிதங்களில் அதுதான் குற்றமே சொல்ல முடியாத கடிதம்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. பாதிப் பக்கம்தான்.

‘உங்கள் அன்பான கடிதத்துக்கு நன்றி. அந்த வாடகையில் எனக்கு மூன்றரை மாதம் வருகிறது. அதற்குள் முடிந்துவிடும் என்று டாக்டர் உறுதி சொல்ல மறுக்கிறார். மீதி நாட்களுக்கு உங்களைச் சங்கடத்தில் வைக்க எனக்கு மனமில்லை. போன தடவையே உங்களுக்கு நிறையத் தொந்தரவு கொடுத்துவிட்டேன். எனக்காக அந்த அறையைக் காலியாக வைத்திருக்க வேண்டாம். நல்ல ஆளுக்குக் கொடுங்கள்.’

அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி காலை நொண்டிக்கொண்டு வந்தார். “என்னாய்யா, பெரியவரு எப்ப வர்றாராம்?” என்று கேட்டார்.

“வரலியாமுங்க. வாடகை கட்டுப்படியாவலியாம்” என்றேன்.

“நானூத்தம்பதே கட்டுப்படியாவலியா?” முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “பிரான்சுல இருந்து இருந்து கருமியாயிட்டான்யா மனுஷன்” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.